அலுமினியத்தில் முலாம் ஏன் உரிகிறது?

இரும்புக்கு நிக்கல் போடும் தொட்டியில் அலுமினியத் துண்டு ஒன்றை அப்படியே தொங்கவிட்டாலும் முலாம் ஏறும். ஆனால் பிடிக்காது, கத்தி முனையால் நெம்பினால் தோல் தோலாக உரிந்து வரும். காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் மூடிக்கொள்வதுதான் காரணம். தேய்த்து எடுத்தாலும், அலசும் தண்ணீருக்குள்ளேயே மறுபடி முளைத்துவிடும். ஆக, ஆக்சைடை எடுக்கிற அதே கணத்தில் அந்த இடத்தை வேறோர் உலோகம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஜிங்கேட் கரைசல், அதாவது துத்தநாகம் கரைந்த காரக் கரைசல்.

அதற்கு முன் பாலிஷ். கண்ணுக்குத் தெரியும் கீறலை முலாம் மறைக்காது, பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 320, 400, 600 என்று எமரித் தாளின் நுண்மையை ஏற்றி, பிறகு பஃபிங், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெழுகிட்டுத் தேய்ப்பது. டை-காஸ்ட் (அச்சில் அழுத்தி வார்த்த) ஜாப்பை, அதாவது முலாம் போடும் துண்டை, ஆழமாகத் தேய்க்கக் கூடாது: வெளித்தோல்தான் கெட்டி, அதற்கடியில் நுண்துளைகள் இருக்கும். திறந்துவிட்டால் அமிலம் உள்ளே தங்கி, பின்னால் கொப்புளமாக வெடிக்கும்.

பஃபிங் மெழுகைக் காரம் குறைந்த சூடான கிளீனரில் போக்கி, லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கலந்த 50-60 டிகிரி செல்சியஸ் கரைசலில் 30 நொடி முக்கினால் போதும். கூடினால் பாலிஷ் மங்கிவிடும். வெளியே எடுக்கும்போது ஜாப் கறுத்திருக்கும்; கலப்பு உலோகத்தில் இருந்த செம்பு, இரும்பு, சிலிக்கான் கரையாமல் தங்கிய கரிபோன்ற படிவு அது. சரிபாதி நீர் கலந்த நைட்ரிக் அமிலம் அதை நீக்கும். வார்ப்புகளில் சிலிக்கான் 10 சதவீதத்தைத் தாண்டும். அதற்கு நைட்ரிக் மட்டும் பலிக்காது. லிட்டருக்குச் சுமார் 120 கிராம் அம்மோனியம் பைஃபுளோரைடு சேர்ப்பார்கள். இந்தக் கலவை எலும்பு வரை இறங்கிப் புண்ணாக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தரும்; கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத பட்டறையில் இதைத் தொடவே கூடாது.

லிட்டருக்கு 525 கிராம் காஸ்டிக் சோடா, 100 கிராம் துத்தநாக ஆக்சைடு: இது பழைய, எளிய ஜிங்கேட். காரம் ஆக்சைடைக் கரைக்கிறது. வெளிப்பட்ட அலுமினியம் தானும் கரைந்து எலக்ட்ரான்களை விட, அவற்றைப் பெற்றுத் துத்தநாகம் படிகிறது. மின்சாரம் தேவையில்லை, அறை வெப்பமே போதும். முதல் முறை, சுமார் ஒரு நிமிடத்தில் படிவது சொரசொரப்பாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். அதை நைட்ரிக்கில் கரைத்துவிட்டு, மறுபடி 20-30 நொடி முக்க வேண்டும். முதல் சுற்றே மேற்பரப்பைச் சமன் செய்துவிடுவதால், இரண்டாவது படலம் மெல்லியதாக, சீரான நீலச் சாம்பல் நிறத்தில் அமையும். 'நிறைய துத்தநாகம் ஏறினால் நல்ல பிடிப்பு' என்று நேரத்தைக் கூட்டுவது தவறு. பஞ்சுபோல் தடித்த படலம்தான் முதலில் கழன்றுவரும்.

நன்றாக அலசி, உலரவிடாமல் அடுத்த தொட்டிக்கு. அமிலச் செம்பு வேண்டாம், துத்தநாகத்தைக் கரைத்துவிடும். பிஎச் 10.2-10.5இல் உள்ள சயனைடு செம்புத் தொட்டியில், மின்சாரம் ஓடும்போதே ஜாப்பை இறக்க வேண்டும். முதல் 2 நிமிடம் சதுர டெசிமீட்டருக்கு 2.6 ஆம்பியர், பிறகு பாதி. அமிலம் ஒட்டிய ரேக் (ஜாப்பைத் தொங்கவிடும் சட்டம்) இந்தத் தொட்டிக்குள் போனால் உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். சயனைடைத் தவிர்க்க நினைப்பவர்கள் மின்சாரமில்லா நிக்கலுக்குப் போகிறார்கள்.

பிறகு வழக்கமான வேலைதான். செம்பு ஏறிய ஜாப்பை அலசி, மென்அமிலத்தில் ஒருமுறை முக்கி, நிக்கலுக்கு. பிரைட் நிக்கலில் சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் வைத்தால் 20 நிமிடத்தில் சுமார் 16 மைக்ரான் ஏறும். பளபளப்பு இதனுடையது. மேலே வரும் குரோம் அரை மைக்ரானுக்குள்தான். நீல ஓட்டமும் கடினமும் அது தருவது.

சோதிக்க, ஜாப்பை ஓவனில் 200 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்நீரில் போடுங்கள். கொப்புளம் வந்தால் கிழித்துப் பாருங்கள். அடியில் வெறும் அலுமினியம் தெரிந்தால் கோளாறு ஜிங்கேட்டிலோ அதற்கு முந்தைய சுத்தத்திலோ. செம்பு ஜாப்பிலேயே தங்கி நிக்கல் மட்டும் வந்தால், செம்புக்கும் நிக்கலுக்கும் இடையிலான மென்அமில முக்கலைச் சரிபாருங்கள்.