குளிர்ச்சுமை அன்று, வெப்பச்சுமை

கோடை தொடங்கியதும் மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் கைக்கு வரும் ஏசி விளம்பரத் தாள்களில், 'அறையின் குளிர்ச்சுமையைக் கணக்கிட்டு வாங்குங்கள்' என்னும் வரி தவறாமல் இருக்கிறது. அறிவுரை நல்லதுதான், சொல்தான் பிழை.

குளிர்ச்சுமை என்று பெயர்க்கப்படும் கூலிங் லோடு என்பது, அறைக்குள் வந்து சேரும் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவை வெளியேற்ற வேண்டும் என்னும் கணக்கு. அதை அளக்கும் டன், பழைய ஆங்கிலத்தில் பெரிய மதுப் பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வீதமே ஒரு டன். 3,517 வாட்டுக்குச் சமம். வெப்பத்தை வெளியேற்றும் வீதமான இந்த அளவை 'டன் எடை' என்று பெயர்ப்பதும் பிழையே.

சுமத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது சுமை. நம் சும்மாடும், எல்லை தாண்டினால் கேட்கும் மலையாளச் சுமடும் அதே குடும்பம். விறகுச்சுமை, நெற்சுமை, உப்புச்சுமை என்று சொல்லும்போது முன்னால் நிற்பது சுமக்கப்படும் பொருள். அப்படியானால் குளிர்ச்சுமை என்பது குளிரைச் சுமப்பதாகவே பொருள்படும். அறை சுமந்து நிற்பதோ வெப்பத்தை: பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளத்தின் வெப்பம், மேற்குச் சுவரின் வெப்பம், சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில், விளக்கு, தொலைக்காட்சி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கு ஏறக்குறைய 100 வாட் வீதம் வெளிவிடும் மனித உடல்கள்.

குளிரூட்டற்சுமை என்பதன் சுருக்கமே குளிர்ச்சுமை என்று சிலர் வாதிடுகிறார்கள். வேலைச்சுமைபோல், குளிரூட்டும் வேலையே சுமை என்று கொண்டால் அந்த நீண்ட வடிவத்தை ஏற்கலாம். 'ஊட்டல்' என்னும் உயிர்ப்பகுதியை வெட்டிவிட்ட பிறகு அந்தப் பொருள் எங்கே நிற்கும்? வெப்பச்சுமை என்றால் குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் கணக்கோடு குழம்பும் என்பது அவர்களுடைய அடுத்த வாதம். இது கவனிக்கத்தக்கது. ஆனால் அங்கே வெப்பம் அறைக்குத் தேவையானது, சுமையாவதில்லை. அதை வெப்பமூட்டல் தேவை என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. குழித்துறையில் வீடு கட்டுபவருக்கு அந்தக் கணக்கே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் குளிர்ச்சுமை மறைத்துவிடுகிறது. நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஏசியின் வடிகுழாயில் சொட்டும் நீர் அறைக் காற்றில் ஆவியாக இருந்தது. அது நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பத்தையும் எந்திரமே வெளியேற்ற வேண்டும். வெப்பநிலைமானியில் தெரியாத இந்தப் பங்கைக் குளிர் என்ற சொல்லுக்குள் யாரால் காண முடியும்?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் இரண்டு சொல்லைத் தேடி ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம்கூடக் கேட்பதில்லை. அதனால்தான் அறையினுடைய சுமையும் எந்திரத்தினுடைய ஆற்றலும் ஒரே தாளில் ஒரே பெயரால் அச்சாகின்றன. அறைக்குரியது வெப்பச்சுமை, எந்திரத்துக்குரியது குளிர்த்திறன் என்று பிரித்தெழுதினால் கணக்கு தானே விளங்கும். வெப்பச்சுமை 4,200 வாட் என்று வந்தால், 3,517ஆல் வகுக்க ஏறத்தாழ 1.2 டன், ஒரு டன் திணறும், ஒன்றரை டன் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டன் மாட்டினால், வேகம் மாறாத பழைய வகை எந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் முழுதாக வடியாமல், சில்லென்றிருந்தும் உடம்பு பிசுபிசுக்கும்.