வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு தாங்குமா?

மலேசியாவின் தாப்பாவில் நாங்கள் குடியிருக்கும் பழைய தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு. அந்தக் காலத்தில் முழுக்கப் பால்மரம் (ரப்பர்), இப்போது பாதி செம்பனை, பாதி புதர். அக்டோபர் மழையில் மேட்டின் உச்சியில் ஓடும் லோங்காங்கின் (மழைநீர் வாய்க்கால்) சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. மழைத் தண்ணீர் லோங்காங்கில் ஓடாமல் நேராக அந்த வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை நானே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவியவர், அவர் கேட்டார்: "நீ படிச்ச பிள்ளைதானே தம்பி, இது விழுமா விழாதா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லு."

கேட்கிற கேள்விதான். 1993 டிசம்பர் 11ல் உலு கிளாங்கில் மண்சரிவால் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேர் இறந்ததும், 2022 டிசம்பர் 16ல் பத்தாங் காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

சரி, கணினியில் போடுவது என்றால் என்ன? பெரிய நிறுவனங்களின் மென்பொருள் எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற விலையில் இல்லை. திருட்டுப் பிரதியைத் தொடவே வேண்டாம். உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியாத ஒன்று சொல்லும் எண்ணை நம்பி நாலு குடும்பத்தைத் தூங்கச் சொல்ல முடியாது. நல்ல இலவச மென்பொருள் இருக்கிறது, சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் அது என்ன கணக்கைப் போடுகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் எந்த மென்பொருளையும் பயமில்லாமல் திறக்கலாம்.

மண்ணைக் கீழே இழுப்பது அதன் எடை. பிடித்து வைத்திருப்பது இரண்டு: மண்ணுக்கே உள்ள ஒட்டும் வலிமை, அப்புறம் மண் மேல் மண் அழுத்துவதால் வரும் உராய்வு. பிடிக்கும் வலிமையை இழுக்கும் விசையால் வகுத்தால் வருவதுதான் பாதுகாப்புக் காரணி. 1க்குக் கீழே போனால் சரியும். கட்டுமானத்தில் பெரும்பாலும் 1.3, 1.5 என்று கேட்பார்கள்.

ஒரு உதாரணம். 35 பாகை சாய்ந்த சரிவு, மேலே 2 மீட்டர் செம்மண், அதற்கடியில் கெட்டியான தரை. மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், ஒட்டும் வலிமை 6 கிலோபாஸ்கல் (அதாவது சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன்), உராய்வுக் கோணம் 32 பாகை என்று வைத்துக்கொள்வோம். சரிவு வழியாக இழுக்கும் விசை சதுர மீட்டருக்கு 16.9 கிலோநியூட்டன் (18 × 2 × sin 35 × cos 35). சரிவுக்குச் செங்குத்தாக அழுத்துவது 24.2 (18 × 2 × cos² 35), அதிலிருந்து வரும் உராய்வு 15.1 (24.2 × tan 32). அதோடு 6ஐக் கூட்டினால் 21.1. வகுத்தால் 1.25. நிற்கிறது.

இப்போது மழை. நீர்மட்டம் சரிவுக்கு இணையாகப் பாதி ஆழம் வரை ஏறுகிறது. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் தண்ணீர் அவற்றைத் தூக்கிப் பிடிக்கிறது, 24.2ல் 6.6ஐத் தண்ணீரே சுமந்துகொள்கிறது (தண்ணீரின் எடை 9.81 × 1 மீட்டர் × cos² 35). மிச்சம் 17.6க்கு மட்டும்தான் உராய்வு. காரணி 1.0க்கு வந்துவிட்டது. நீர் மேற்பரப்பு வரை ஏறினால் 0.76. ஊறிய மண்ணின் கூடுதல் எடையை நான் சேர்க்கவே இல்லை. மண் அதே மண், கோணம் அதே கோணம், மாறியது தண்ணீர் மட்டும்.

பலர் நினைப்பதுபோல மழையில் மண் "கரைந்து" விழுவதில்லை. தண்ணீர் அழுத்தம் உராய்வைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் சில சரிவுகள் விழுகின்றன, தண்ணீர் உள்ளே இறங்கிச் சேர நேரமாகிறது.

உண்மையான மேடுகள் எப்போதும் இப்படி ஒரே சீராகச் சரிவதில்லை, பல இடங்களில் கிண்ணத்தின் உட்புறம் மாதிரி, வட்டத்தின் ஒரு பகுதிபோல வளைந்த பரப்பில் சரியும். அதற்கு ஸ்வீடன்காரர்கள் வழி கண்டார்கள். 1916ல் கோதன்பர்க் துறைமுகத்தில் ஒரு கரை சரிந்த பிறகு, சரியும் மண்ணை ரொட்டி வெட்டுவதுபோல நிற்கும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே போட்ட கணக்கைப் போட்டுக் கூட்டும் முறை வளர்ந்தது. 1955ல் ஆலன் பிஷப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் அதைத் திருத்தினார். அவர் சூத்திரத்தில் பாதுகாப்புக் காரணி இரண்டு பக்கமும் வரும். ஒரு எண்ணை ஊகித்துப் போட்டு, வருவதைத் திரும்பப் போட்டு, மாறாத வரைக்கும் சுற்ற வேண்டும். எந்த வட்டத்தில் சரியும் என்றும் முன்கூட்டித் தெரியாது, ஆயிரக்கணக்கான வட்டங்களைப் போட்டுப் பார்த்து மிகக் குறைந்த எண்ணைத் தேட வேண்டும். மென்பொருள் செய்வது இந்தச் சலிப்பான வேலையைத்தான்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் முதலில் சொல்வது ஹைர்கான். சரிவின் வெட்டுமுகத்தை வரைந்து, மண்ணின் எண்களைக் கொடுத்து, நீர்மட்டக் கோட்டை இழுத்தால் மோசமான வட்டத்தைத் தேடிக் காட்டும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு பைஸ்லோப் இருக்கிறது, பிஷப் முறை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கலாம். ஒரு முழுப் பள்ளத்தாக்கையே முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஸ்கூப்ஸ் த்ரீடி, ஆனால் அதற்கு நிலத்தின் உயர வரைபடம் வேண்டும். மேலே போட்ட கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கணக்குத்தாளே போதும், முதலில் அதில்தான் போட வேண்டும் என்பேன். மென்பொருளில் அதே சரிவைப் போட்டு வருகிற எண் பக்கத்தில்கூட இல்லையென்றால் எங்கேயோ அலகு தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்.

எது கிடைத்தாலும், நீர்மட்டம் எங்கே என்று அது நம்மிடம்தான் கேட்கும். அதைத் தெரிந்துகொள்ள நானும் தாத்தாவும் மேட்டில் 2 மீட்டர் ஆழத்துக்கு மண் துளைக்கும் கருவியால் குழி போட்டு, அடிப்பக்கம் மட்டும் துளையிட்ட பிவிசி குழாயை இறக்கினோம். துளைக்கு மேல் களிமண் வைத்து அடைத்து, வாயை மூடி வைத்தோம். வெடிப்பை சிமெண்டால் அடைத்து, லோங்காங்கில் கிடந்த செம்பனை மட்டைகளை எடுத்துப்போட்டோம். நவம்பரில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு கயிற்றில் ஆணி கட்டி இறக்கிப் பார்த்தபோது அடியில் 40 சென்டிமீட்டர் தண்ணீர். குழாயில் நிற்கும் உயரம் அடியில் உள்ள அழுத்தத்தை நேராகவே காட்டும், 0.4 × 9.81 = 3.9. மேலே சொன்ன எண்களோடு அதைப் போட்டால் காரணி 1.10. மண்ணின் எண்கள் நான் வைத்துக்கொண்டவை, மேட்டு மண்ணைச் சோதனைக்கூடத்தில் அழுத்திப் பார்க்கும் வரை அந்த 1.10ஐ நம்பி நான் தூங்கமாட்டேன். அளந்த ஒன்பது தேதிகளையும் வெடிப்பின் படங்களையும் இணைத்து, பதிவுபெற்ற நிலத்தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த மழைக்குத் தாத்தாவே கயிற்றை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். சறுக்கிவிடும், நானும் கூட வருகிறேன் என்றேன்.