கூவை: ஆரோரூட்டுக்குத் தமிழ்ச்சொல்

ஆரோரூட் மாவுக்குத் தமிழில் பெயரே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. கூவை, கூவைக்கிழங்கு, கூவைமாவு.

ஆரோ என்றால் அம்பு, ரூட் என்றால் வேர் என்று பிரித்து 'அம்புவேர்' எனப் பெயர்க்கத் தோன்றும். வேண்டாம். கரீபியத் தீவுகளின் அராவாக் மக்கள் இந்த மாவை 'அரு அரு' என்றார்கள், அது ஆங்கிலத்தில் திரிந்து ஆரோரூட் ஆனது என்பது ஒரு விளக்கம். நச்சு அம்பு தைத்த புண்ணுக்கு இந்தக் கிழங்கை மருந்தாகக் கட்டியதால் வந்த பெயர் என்பது இன்னொன்று. எப்படியானாலும் நாம் உண்பது வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்து வளரும் மட்டநிலத் தண்டு. நம் 'கிழங்கு' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

கூவை மிகப் பழைய சொல். நன்னன் என்ற குறுநில மன்னனின் மலைவளத்தைச் சொல்லும் சங்க நூலான மலைபடுகடாம் 'நூறொடு குழீஇயின கூவை' என்கிறது. மாவோடு திரண்டது கூவை என்பது பொருள். இங்கே நூறு என்பது எண் அல்ல, மாவு. நூறுதல் என்றால் பொடியாக்குதல். கிழங்கை இடித்து நீரில் கரைத்து, அடியில் படியும் வெள்ளை மாவைக் காயவைத்து எடுக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு பொருத்தமான சொல்! புறநானூற்றின் 29ஆம் பாட்டில் 'கூவை துற்ற நாற்கால் பந்தர்' வருகிறது. அங்கே கூவை இலை கூரையாகிறது. மலையாளத்தில் இன்றும் இது கூவதான்.

சரி, சங்கப் புலவர்கள் பார்த்தது ஆரோரூட் செடியையா? இல்லை. அது வெப்பமண்டல அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதற்கு மராண்டா அருண்டினேசியா என்று பெயரிட்டார். மராண்டா என்பது பார்த்தலோமியோ மராண்டா என்ற இத்தாலிய மருத்துவரின் நினைவாக வந்தது. அருண்டினேசியா என்றால் நாணல் போன்றது. நம் மண்ணின் கூவையோ மஞ்சள், இஞ்சிக் குடும்பத்தது, குர்குமா அங்குஸ்டிஃபோலியா. இரண்டின் கிழங்கிலிருந்தும் ஒரே மாதிரி மென்மையான மாவு கிடைப்பதால், பின்னால் வந்த செடிக்கும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

அதில் தவறில்லை என்பேன். சமையலிலும் மருந்திலும் கூவைமாவு என்றாலே போதும். செடிகளைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், சீமை அகத்தி என்பதுபோல, அமெரிக்கச் செடியைச் சீமைக்கூவை எனலாம்.