1720-இன் டச்சுக் கேலிப்படம் வாங்குமுன்

1720-இல் பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் மூன்று ஊர்களிலும் பங்குப் பித்து தலைக்கேறி, வருடம் முடிவதற்குள் கவிழ்ந்தது. டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'காற்று வியாபாரம்'. அதைக் கேலி செய்த செப்புத்தகட்டுப் படங்களைத் திரட்டி, 'மடமையின் பெருங்காட்சி' என்ற பெயரில், பதிப்பாளர் யாரென்று சொல்லாமலே விற்றார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து பிரித்த தாள்கள் இன்று இணைய ஏலங்களுக்கு வருகின்றன. எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்துப் படம் அச்சிடுவது) தொழிலில் இருப்பதால் "இது அசலா?" என்று என்னிடம் போட்டோ அனுப்புகிறவர்கள் உண்டு.

படத்தைச் சுற்றித் தகட்டு விளிம்பு அழுந்திய பள்ளம் தெரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதைப் போலியாகவும் அழுத்திவிடலாம். லென்ஸில் கோடுகள் புள்ளி புள்ளியாகச் சிதறினால் அது இக்கால அச்சு.

சரி, தாள் அசல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் படம் 1720-ஐப் பற்றியதுதானா? செம்பு விலை அதிகம், செதுக்க நாளாகும், சந்தையோ சூடாக இருந்தது. அதனால் தொகுப்பில் சில பழைய தகடுகளும் புது எழுத்தோடு, அதாவது படத்தோடு வரும் தலைப்பையும் விளக்க வரிகளையும் மாற்றி, நுழைந்தன. வாட்ஸ்அப்பில் பழைய போட்டோவுக்குப் புதுக் கதை கட்டி அனுப்புகிறார்களே, அதே வேலைதான். எழுத்தைச் சுரண்டி எடுத்த இடம் தகட்டில் லேசாகக் குழியும். பின்பக்கம் தட்டிச் சமன் செய்து மெருகேற்றாவிட்டால், துடைத்த பிறகும் அங்கே மை தங்கும். தாளில் அது மங்கிய சாம்பல் திட்டாக விழும், சில சமயம் பழைய எழுத்தின் நிழலோடு. படத்தைவிட முதலில் அந்த எழுத்துப் பகுதியைத்தான் நான் பார்ப்பேன்.

தொகுப்பில் பெர்னார்ட் பிகார் என்ற பிரெஞ்சுக் கலைஞர் செதுக்கிய படம் இந்தப் பித்துக்கென்றே செய்தது. அதிர்ஷ்ட தேவியின் தேரை மடமை ஓட்ட, பங்கு கம்பெனிகள் மனித உருவில் இழுக்கின்றன. கூட்டம் போய்ச் சேர மூன்று வாசல்கள்: ஆஸ்பத்திரி, பைத்தியக்கார விடுதி, ஏழைகள் விடுதி. என்னைக் கேட்டால் தொகுப்பிலேயே கூர்மையான கேலி இதுதான். பிகார் தகட்டில் எழுத்து பிரெஞ்சிலும் டச்சிலும் இருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால், அது லண்டனில் பெர்னார்ட் பாரோன் தனியாகச் செதுக்கிய பிரதியாக இருக்கலாம். விற்பவர் பிகார் என்று சொன்னாலும் பிகார் படத்துக்கான விலை தராதீர்கள்.

பணம் கட்டுமுன் தாளின் பின்பக்கத்தின் போட்டோவும் எழுத்துப் பகுதியின் குளோசப்பும் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் தளத்தில் இந்தப் படங்கள் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.