ரேடியேட்டர்: கதிர்வீசியா, சூடாற்றியா?

கரண்ட் போனால் இலங்கை மலையகத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு மின்பிறப்பாக்கி என்று அழகான பெயர் உண்டு, ஆனால் அதன் காற்றாடிக்கு முன்னால் நிற்கும் தகட்டுக் கூட்டுக்கு மட்டும் எல்லாரும் ரேடியேட்டர்தான். டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் ஒரு பெரும்பகுதி புகையோடு போய்விடும், இன்னொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிவந்து இந்தக் கூட்டில் விடுகிறது.

சொல்லின் வேர் லத்தீன் 'ராடியுஸ்'. சக்கரத்தின் ஆரக்காலும் அதுதான், ஒளிக்கதிரும் அதுதான். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைத்த வெந்நீர்க் கூட்டுக்கு முதலில் வந்த பெயர், அப்புறம் எஞ்சினிலும் ஒட்டிக்கொண்டது.

அதை அப்படியே பெயர்த்துக் 'கதிர்வீசி' என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. வெப்பம் போகும் வழி மூன்று என்று பள்ளியில் படித்தோமே: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். (மேற்காவுகையைத் தமிழ்நாட்டில் வெப்பச்சலனம் என்பார்கள். காவுதல் என்றால் சுமந்துபோவது, நம் சொல்லில் படமே தெரிகிறது.) ரேடியேட்டர் தகடுகள் நெருக்கியடித்து ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், வீசுகிற கொஞ்சநஞ்சக் கதிரையும் பக்கத்துத் தகடே வாங்கிக்கொள்ளும். வேலை முழுக்கக் காற்றுடையது. காற்றாடி பெல்ட் அறுந்து பாருங்கள், சூட்டு முள் சரசரவென்று ஏறும், எந்தக் கதிரும் வந்து காப்பாற்றாது.

'மலையில் குளிர்தானே, ரேடியேட்டருக்கு வேலை சுலபம்' என்பதும் பாதிதான் சரி. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, சூட்டைக் காவ ஆள் குறைவு என்று அர்த்தம். திறந்த சட்டியில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக அடம்பிடிப்பதும் அதனால்தான். ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காமல் இருக்கத்தான் அந்த அழுத்த மூடி. சூட்டோடு சூடாக அதைத் திறந்துவிடாதீர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வெப்பமாற்றி' என்று ஒரு கலைச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. வெப்ப மாற்றி என்றும் பிரிக்கலாம், வெப்பம் ஆற்றி என்றும் பிரிக்கலாம், வேடிக்கைதான், ஆனால் அது இந்த வகைச் சாமான் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கொதிக்கிற தேத்தண்ணியைத் தூக்கி ஊற்றி ஆற்றும்போது நாம் செய்வதும் சூட்டைப் பரப்பிக் காற்றிடம் கொடுப்பதுதானே? ஆகவே என் ஓட்டு 'சூடாற்றி'க்கு. ஸ்டோரில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஆனாலும் "சூடாற்றியில தண்ணி பாத்தியா?" என்று கேட்டால், எந்தச் சாமான் என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.