பனிச்சரிவு: அவலாஞ்சுக்குத் தமிழ்

ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு அவலாஞ்சி தெரிந்திருக்கும். பெயர் ஆங்கில ‘அவலாஞ்ச்’தான், ஆனால் அங்கே சரிந்தது பனியல்ல, மண். 19ஆம் நூற்றாண்டில் நடந்த பெரிய நிலச்சரிவை வைத்து வந்த பெயர் அது.

ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பேச்சில் ‘லவான்ஷ்’ போல ஒலித்த பழைய சொல்லோடு, ‘பள்ளத்தை நோக்கி’ என்று பொருள்படும் ‘அவால்’ கலந்து இந்த வடிவம் வந்தது என்பார்கள். ஜெர்மனில் ‘லவீனெ’. அதை வழுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வேரோடு இணைப்பது வழக்கம்.

தமிழில் பனிச்சரிவு. நல்ல சொல்தான், ஆனால் சரிவு என்றால் சரிந்த நிலமும் உண்டு, சரிந்து விழுதலும் உண்டு. ‘பனிச்சரிவில் நடந்தார்கள்’ என்று எழுதினால் எது என்று குழம்பும். நடக்கும் இடத்தை ‘பனி மூடிய சரிவு’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை. செய்திகளில் இதையே ‘பனிப்பாறை சரிந்தது’ என்று போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. பனிப்பாறை ஆண்டுக்கணக்கில் இறுகிய பனிக்கட்டி. பனிச்சரிவில் வருவதோ பெரும்பாலும் அந்தப் பருவத்தில் பெய்து படிந்த பனி.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். ஒரு முழு அடுக்கு விரிசல் விட்டுப் பெயர்ந்து இறங்கினால் பாளச் சரிவு எனலாம். இது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள இடங்களில் நடக்கும். இளவேனிலில் கவனிக்க வேண்டியது ஈரப் பனிச்சரிவு. மார்ச், ஏப்ரல் வெயிலில் மேற்பனி உருகி, நீர் உள்ளே இறங்கி, துகள்களுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடும். மெதுவாக வந்தாலும் கனம் அதிகம், நின்றதும் இறுகிவிடும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவு விழுந்து சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள்.

இந்தப் பருவத்தில் மலையேறுபவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள். வானம் தெளிந்த இரவில் பனி மறுபடி உறைந்து கெட்டிப்படும், மேகம் மூடிய இரவில் அவ்வளவாக உறையாது. அதனால் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் சரிவைவிட்டு இறங்கிவிடுவது வழக்கம். கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, மேற்கு. லட்டு அளவில் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வர ஆரம்பித்தாலோ, கால் முழங்கால்வரை புதைந்தாலோ, திரும்பிவிட வேண்டும். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதைந்தவரைத் தேட மூன்று பொருட்கள் வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பவும் பெறவும் கூடிய கருவி, துழாவும் நீளக் கம்பி, மண்வாரி. முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அரை மணி தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேர்வது அரிது. எனவே இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.