பங்க் இசை ஏன் இத்தனை கிளையாகப் பிரிந்தது?

பங்க் என்பது 1970களில் கிளம்பிய வேகமான, கரடுமுரடான ராக் இசை. 1977 ஜனவரியில் லண்டனின் தி கிளாஷ் குழு சிபிஎஸ் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அதே மாதம் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் ரெக்கார்டைத் தானே வெளியிட்டது. இரண்டும் பங்க்தான். பிறகு வந்த பிரிவுகளைப் புரிந்துகொள்ள கிட்டாரைவிட இந்தக் கணக்குகளே எனக்கு அதிகம் உதவின.

பெரிய கம்பெனிகள் பங்கின் கரடுமுரடைத் தேய்த்து 'நியூ வேவ்' என்று வானொலிக்குக் கொண்டுபோயின. இங்கிலாந்தின் எஸெக்ஸில் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்த கிராஸ் குழுவோ, இதற்கு மேல் கொடுக்காதீர்கள் என்று ரெக்கார்டு உறையிலேயே விலையை அச்சடித்தது. அரசே வேண்டாம் என்று பாடிய அனார்க்கோ பங்க் அவர்களைச் சுற்றி வளர்ந்தது.

வாஷிங்டனில் நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. கிளப்புகளுக்கு வருமானம் மதுவிலிருந்து. அதனால் வயது நிரம்பாத ரசிகர்களுக்கு இடமில்லை. 1980இல் டீன் ஐடில்ஸ் என்ற சிறுவர் குழு சான் பிரான்சிஸ்கோ போனபோது, அங்கே கையில் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். இவர்களுக்கு மது ஊற்றக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. ஊர் திரும்பியதும் இங்கேயும் அப்படியே விடுங்கள் என்று கிளப்காரர்களிடம் பேசினார்கள். நாளடைவில் அந்தக் குறியை ரசிகர்கள் தாங்களே விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். குடியும் போதையும் வேண்டாம் என்ற அந்தப் போக்குக்கு, 1981இல் மைனர் திரெட் பாடிய முக்கால் நிமிடப் பாட்டு 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற பெயரைத் தந்தது.

ஐடில்ஸ் கலைந்தபோது கையிருப்பு சுமார் 600 டாலர். அதைப் பங்கு போடாமல் டிஸ்கார்ட் என்ற சொந்த ரெக்கார்டு லேபிளைத் தொடங்கி, 8 பாட்டுகளை ஒரே சிறிய தட்டில் அடக்கி 1,000 பிரதி போட்டார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். வானொலிக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வேகம் ஏறியது, பாட்டு ஒரு நிமிடமாகச் சுருங்கியது. ஹார்ட்கோர் என்பது இதுதான்.

எல்லாப் பிரிவுக்கும் பணமே காரணமல்ல. 1985 வாக்கில் அதே ஊரில், மன உணர்ச்சிகளைக் கொட்டிப் பாடும் எமோ பிறந்தது, ஹார்ட்கோர் கூட்டங்களின் அடிதடி பிடிக்காமல்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் ஸ்ட்ரீட் அரங்கம், பெரிய கம்பெனியில் சேர்ந்த குழுக்களுக்கு மேடை இல்லை என்று விதி வைத்திருந்தது. அங்கே வளர்ந்த கிரீன் டே 1994இல் பெரிய கம்பெனி வழியே வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. எளிதில் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகள் கொண்ட பாப் பங்க் உலகெங்கும் ஒலித்தது. கில்மன் மேடை அவர்களுக்கு மூடியது. அந்த ஆண்டுகளிலும் டிஸ்கார்டின் ஃபுகாஸி குழு பெரும்பாலும் 5 டாலர் டிக்கெட்டுக்கே வாசித்தது, எந்த வயதுக்காரருக்கும் கதவைத் திறந்துவைத்து.